தவமணி தின்ற களிமண்

புல்மோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டு நடந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் கடல், வலது பக்கம் பற்றைக்காடு. பஸ் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அந்தச் சண்டை நாட்களில் யாரும் கேட்பதில்லை. ஓடினால் ஏறுவோம், ஓடாவிட்டால் நடப்போம்.

தோளில் ஒரு யூரியாப் பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட், ஓர் அலுமினியக் கோப்பை. ஒரு செருப்பின் வார் அறுந்திருந்ததால் அதைக் கம்பியால் கட்டியிருந்தேன். கம்பி பெருவிரலை அறுத்தது. செருப்பைக் கழற்றினால் தார் சுட்டது. அறுப்பதே மேல் என்று நடந்தேன்.

குச்சவெளி தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு மீன்காரர் சைக்கிளில் வந்து என் நடைக்குச் சமமாக ஓட்டினார்.

"எங்க அண்ணை, நடை?"

"வீட்ட. லிங்கநகர்."

"மணல் வேலையோ?"

"விட்டாச்சு."

"கலைச்சுப்போட்டாங்களோ?"

"இல்லை. நானாத்தான் விட்டனான்."

மனிதர் பிரேக் பிடித்தே விட்டார். "உந்தக் காலத்தில தானா வேலையை விட்ட ஆளை இப்பதான் காணுறன். பொஞ்சாதி சொன்னவவோ?"

நான் குனிந்து செருப்புக் கம்பியை முறுக்கினேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோவன். நான் இந்தப் பெட்டியில கிடக்கிற மீனுக்குத்தான் சொல்லுவன், வேற ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார். அவர் சொன்னது சரி. தவமணி சொன்னாள் என்றுதான் விட்டேன்.

கறுப்பு மணல்

போன கிழமை இந்தப் பத்தியில் உப்பளத்துக் கதையை எழுதினேன். அதைப் படித்த ஒருவர், உப்பு, மணல் என்று மண்ணையே சுற்றி வருகிறாயே, வேறு வேலை தெரியாதா என்று கேட்டார். தெரியாது. ஏழாம் வகுப்பில் பாதியில் இறங்கியவனுக்குத் தூக்குவது, கொட்டுவது, மிதிப்பது இவைதான் வேலை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், நிலாவெளியில் உப்பு வாரினேன், பிறகு புல்மோட்டையில் கனிய மணல் அள்ளினேன்.

அந்தக் கரையில் மணல் கறுப்பு. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் மயிர்க்கொட்டிப் புழு மாதிரிச் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு அரைச் சாக்கு, தூக்கினால் முழுச் சாக்கின் பாரம். மத்தியானத்தில் வெறுங்காலோடு நிற்க ஏலாது.

அந்த மணலுக்குள் மஞ்சள் பாய்ந்த ஒருவகைப் பருக்கை கொஞ்சம் உண்டு, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருகிறது என்று தேநீர்க்கடைகளில் ஒரு கதை இருந்தது. எவ்வளவு வருகிறது, ஆளை என்ன செய்யும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் கதை மட்டும் எனக்கு முன்பே பஸ் ஏறி லிங்கநகருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

தவமணி என் மனைவி. வெருகல் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அதற்கு முந்திய ஆண்டு அவளுக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே அழிந்து போயிருந்தது. ஏன் போனது என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. அவளாகவே மணல்தான் காரணம் என்று முடிவு கட்டினாள்.

மறுபடி நாள் தள்ளிப்போனபோது நான் லீவில் வீட்டில் நின்றேன்.

"உந்தக் கதிர் உங்களோட ஒட்டிக்கொண்டு வீட்ட வருதெண்டு சொல்லுறாங்கள்" என்றாள்.

"ஒண்டும் நடக்காது."

"நிச்சயமாவோ?"

"நிச்சயமா."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் பிள்ளைக்கும் நான் இதையே சொல்லியிருந்தேன். ஷெல் விழும்போதும் இதைத்தான் சொல்வேன். என்னிடம் இருந்த ஒரே மருந்து அது. அவளுக்கு அது வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது.

"நீங்கள் அந்த வேலையை விடாட்டி நான் அண்ணன்ட வீட்ட வெருகலுக்குப் போறன்" என்றாள். "போனா வரமாட்டன். இந்தப் பிள்ளையையும் குடுக்க என்னால ஏலாது."

சொன்னால் செய்கிறவள். அதனால்தான் அந்த நடை.

கதிரையில் இருந்தவன்

எங்கள் வீட்டில் உட்காரக் கதிரை ஒன்றுதான். நான் வாசலுக்கு வந்தபோது அதில் யோகன் இருந்தான்.

யோகன் பல்கலைக்கழகக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தவன். சண்டையால் படிப்பு நடுவில் நின்று, திருகோணமலையில் ரியூசன் கொடுத்துப் பிழைத்தான். எங்கள் முன் அறையை வாடகைக்கு எடுத்திருந்தான். கொடுத்தவன் நான்தான். எனக்கு அண்ணை, தவமணிக்கு அக்கா என்று மரியாதையான பிள்ளை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

அவன் கையில் ஒரு களிமண் உருண்டை. தவமணி தரையில் இருந்து, கன்னத்தில் கையை ஊன்றி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நடந்து வந்த புருசனை அவள் கவனிக்கவில்லை.

"ஆதியில இந்த உலகத்துக்குக் கூரையே இல்லை அக்கா" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "இப்ப மேல ஓசோன் எண்டு ஒரு படலம் இருக்கு. அப்ப அதுவும் இல்லை. சூரியன்ட கதிர் நேர வந்து விழும். உயிர் எண்டு சொல்லவும் ஒண்டுமில்லை. நூல் மாதிரி ஒரு பொருள்தான். அப்பான்ட மூக்கும் அம்மான்ட நிறமும் பிள்ளைக்கு வாறது அந்த நூலாலதான்."

"அந்த வெயிலில அது எரிஞ்சு போகாதோ?"

"வெறுமனே கிடந்தா அறுந்து போயிருக்கும். களிமண்ணில ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கலாம் எண்டு சொல்லீனம். களிமண்ணை நல்லாப் பெருப்பிச்சுப் பார்த்தா தட்டுத் தட்டா இருக்கும், அப்பளக் கட்டு மாதிரி. நூல் அந்தத் தட்டுகளுக்கு இடையில பூந்திடும். அடியை மண் வாங்கும். நூல் தப்பும்."

தவமணி நிமிர்ந்தாள். "ஷெல்லடிக்கேக்க நாங்கள் பங்கருக்குள்ள இருக்கிற மாதிரி."

"அதேதான் அக்கா! உங்கட பங்கர் மாதிரி!"

அந்தப் பங்கரை வெட்டியவன் நான். தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, கை கொப்பளிக்க வெட்டினேன். அது நல்ல பங்கர் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது அவனுடைய கதைக்குள் போனதும் அதற்கு ஒரு மவுசு வந்துவிட்டது.

"அப்ப மண் காப்பாத்தும்" என்றாள்.

"காப்பாத்தியிருக்கலாம் அக்கா. கண்டவன் ஆரும் இல்லைத்தானே. செய்து பார்க்கேக்க, மண்ணில ஒட்டின நூல் கதிர் பட்டாலும் கனநேரம் தாங்குது. அவ்வளவுதான் தெரியும்."

"இவர் நிண்ட கறுப்பு மணலில வாற கதிர்?"

"அது வேற. அது சின்ன அளவு. அண்ணை அதில நடந்ததால உங்கட பிள்ளைக்கு ஒண்டும் வராதெண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா நிச்சயமாச் சொல்ல நான் ஆளில்லை."

தவமணியின் தோள் இறங்கியது. எத்தனையோ மாதமாக இறுகிக் கிடந்த தோள். "அப்பாடா" என்றாள். பிறகுதான் என்னைக் கண்டாள். "எப்ப வந்தனீங்கள்?"

இருக்கலாம்

எனக்குப் பொறாமை புதிதல்ல. துறைமுகத்தில் ஒருவன் கழுத்து வளையாமல் இரண்டு மூட்டை தூக்குவான். அவன் கழுத்தைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். நிலாவெளியில் ஒருவனிடம் புதுச் சைக்கிள் இருந்தது. அதற்கும் எரிந்தேன். அவையெல்லாம் ஒரு சோறு தின்று எழும்பினால் ஆறிப்போகிற பொறாமை.

இது ஆறவில்லை. அவன் அவளைக் கெட்ட கண்ணால் பார்த்திருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒரு உதை, விசயம் முடிந்தது. அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. மண்ணையும் வானத்தையுமே பார்த்துப் பேசினான். நான் "நிச்சயமா" என்றால் நம்பாதவள், அவன் "இருக்கலாம்" என்றால் நம்பினாள். இதற்கு யாரை உதைப்பது?

சாப்பாட்டில் கவனித்தேன். என் சோற்றுக் கோப்பையில் மீனின் வால். அவன் கோப்பையில் நடுத்துண்டு.

"அவர் படிச்ச பிள்ளை, முள்ளெடுக்கத் தெரியாது" என்றாள்.

"எனக்கு மட்டும் முள்ளெடுக்கப் பள்ளிக்கூடத்திலயோ படிப்பிச்சவங்கள்?"

"உங்களுக்குத் தொண்டை கல்லுத்தானே."

யோகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே நடுத்துண்டைத் தின்றான்.

ஒரு நாள் அவனைத் தனியே பிடித்து, அந்தக் களிமண் கதையை எனக்கும் சொல்லித் தரும்படி கேட்டேன். ஆசையாகச் சொன்னான். வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். பிறகு குசினிக்குப் போய், எனக்கே தோன்றியதுபோலத் தொடங்கினேன். "பாரும் தவம், அந்தக் காலத்தில நூலுக்குள்ள களிமண் பூந்து..."

அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "களிமண்ணுக்குள்ள நூல்! பங்கருக்குள்ள நாங்களோ, எங்களுக்குள்ள பங்கரோ?"

முன் அறையிலிருந்து அவனுடைய இருமல் கேட்டது. சிரிப்பை இருமலாக்கும் நாகரிகம் அவனுக்குத் தெரியும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

குசினிச் சுவர்

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் மண் தின்பது அதிசயமில்லை. அடுப்புக்கட்டி, உடைந்த சட்டி ஓடு, மழை பட்ட சுவர் என்று இரகசியமாகக் கிள்ளி வாயில் போடுவார்கள். மற்றப் பெண்கள் கண்டும் காணாமல் விடுவார்கள். மாதம் ஏற அதுவாகவே நின்றுவிடும் என்பது வழக்கம்.

ஆகவே குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், பூனை பிறாண்டியதுபோல ஒரு பள்ளம் கண்டபோது நான் பயப்படவில்லை. கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்.

"வாய்க்குப் பிடிச்சுத்தான் துவங்கினனான். இப்ப பிள்ளைக்காகத் தின்னுறன்."

"பிள்ளைக்கு என்னத்துக்கு?"

"மண் அடியை வாங்குமெண்டு யோகன் மாஸ்டர் சொன்னவர்தானே. உள்ள போய்ப் பிள்ளையைச் சுத்தி நிக்கட்டும். எந்தக் கதிர் வந்தாலும் மண்ணில படும்."

மாஸ்டர் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்கே விளங்கியது. அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவனைக் கூப்பிட்டால் அவன் இன்னொரு நல்ல கதை சொல்வான், அவள் மறுபடி கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். அந்தக் காட்சியை இன்னொரு தரம் பார்க்க எனக்கு மனமில்லை.

இரவல் சைக்கிளில் தம்பலகாமம் பக்கம் போனேன். வயல் வாய்க்கால் ஓரத்தில், மணல் கலக்காத சாம்பல் நிறக் களியாகத் தோண்டி எடுத்து வந்து, உருட்டி, ஓலைப்பாயில் காயவைத்தேன். குசினிச் சுவரைவிட நல்ல மண் கிடைக்கும்போது அவள் ஏன் கரியும் புகையும் தின்னவேண்டும்?

ஒரு கட்டியை மூக்கில் வைத்து அவள் கண்ணை மூடினாள். "இது நல்ல மண்" என்றாள். "எங்க எடுத்தனீங்கள்?"

அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள். யோகனிடம் அல்ல. அன்றைக்கு மீனின் நடுத்துண்டும் என் கோப்பைக்கு வந்தது. கதை அவனுடையது, மண் என்னுடையது. வழக்கில் வென்றவன்போல அவனுக்கு எதிரே இருந்து சாப்பிட்டேன். அவனுக்கு வழக்கே தெரியாது. கடைத்தெருவில் அரிசி கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டிருந்தான்.

கிளினிக்

சில கிழமை அப்படிப் போனது. பிறகு கிளினிக் வரிசையில் நின்றவள் சரிந்து விழுந்தாள். விழுமுன் என் சேட்டின் முன்பக்கத்தைப் பிடித்ததால் தலை அடிபடவில்லை. பொத்தான்கள் மட்டும் போயின.

மருத்துவமாது அவளை மர வாங்கில் கிடத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார்.

"என்ன தின்னுறீர்?"

தவமணி கூரையைப் பார்த்தாள்.

"மண்ணோ?"

"ஓம்."

"தாற குளிசையைக் குடிக்கிறீரோ?"

"குடிக்கிறன் அம்மா."

"குடிச்சு என்ன? குளிசையில இருக்கிற இரும்பை அந்த மண் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். உடம்புக்கு வராது. இரத்தம் காணாது உமக்கு. இப்பிடியே போனா பிள்ளைப்பேறு தாங்கமாட்டீர். பிள்ளையும் தாங்காது." என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன பார்த்துக்கொண்டு நிண்டனீர்?"

"நான்தான் அம்மா கொண்டந்து குடுத்தனான். நல்ல மண்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல சோடி" என்றார்.

வீட்டுக்கு வந்து தவமணி எல்லாவற்றையும் யோகனிடம் சொன்னாள். அவன் முகம் சுருங்கிப்போனது. கதிரையை விட்டு எழுந்தே விட்டான்.

"ஐயோ அக்கா, நான் தின்னச் சொல்லேல்லையே! அது உயிர் துவங்க முந்தின கதை. நீங்கள் தின்னுற மண் குடலுக்குத்தான் போகும். பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போகாது."

"அப்ப காப்பாத்தாதோ?"

"அந்த மண் காப்பாத்தினது... காப்பாத்தியிருக்கலாம்... அது வெளியில, தண்ணிக் கரையில..."

அவனுக்கு வார்த்தை தட்டுப்பட்டதை முதல் தடவையாகக் கண்டேன். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. வாசல் நிலையில் சாய்ந்து நின்று அதை அனுபவித்தேன்.

"விட்டிடுங்கோ அக்கா" என்றான்.

"முந்தி மண் காப்பாத்தும் எண்டியள். இப்ப இல்லையெண்டுறியள். நான் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

அவளுடைய ஒரு கை வயிற்றில் இருந்தது. மற்றக் கை மூடியிருந்தது. விரலிடுக்கில் சாம்பல் நிறம் தெரிந்தது. நான் கொண்டுவந்த மண். என் சந்தோசம் அந்த இடத்தில் நின்றது. அவள் விடப்போவதில்லை என்று கண்டேன். அவனுடைய கதை உடைந்தபிறகும் அவள் பிடித்திருந்தாள். ஏனென்றால் பிடிக்க வேறொன்றும் இல்லை.

என்னைப் பார்த்தாள். "நீங்கள் சொல்லுங்கோ. மண்ணை விட்டா பிள்ளைக்கு ஒண்டும் வராதோ?"

"நிச்சயமா" என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்பதும் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது, தவம்" என்றேன். "கறுப்பு மணல் என்ன செய்யுமெண்டும் தெரியாது, களிமண் என்ன செய்யுமெண்டும் தெரியாது. ஆனா இண்டைக்கு நீர் விழுந்தனீர். அதை என்ர கண்ணால பார்த்தனான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான்."

மூடிய கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு கையை விரித்து, கட்டியை என் உள்ளங்கையில் வைத்தாள். வியர்வையில் அது இளகியிருந்தது.

"இவ்வளவு காலத்தில இப்பதான் எனக்கு நேர ஒரு கதை சொன்னனீங்கள்" என்றாள்.

"அண்ணை சரியாச் சொல்லுறார்" என்று யோகன் தலையாட்டினான். எனக்கு மறுபடி எரிந்தது. அவனை யார் கேட்டார்கள்?

அடுத்த நாள்

கிளினிக் போய்வந்த அன்று பின்னேரம் அவள் ஒரு சொல் சொன்னாள். "தின்னமாட்டன். சத்தியமாத் தின்னமாட்டன். ஆனா அந்த வாசம் இல்லாட்டிச் சோறு இறங்காது. அதுக்கு நான் என்ன செய்ய?"

அவளுக்குச் சோறு இறங்கவேண்டும். வீட்டில் கட்டியாக மண்ணை வைத்தால் அவள் கை சும்மா இராது.

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி சுரண்டும் வேலைக்கு ஆள் எடுப்பதாக ஒப்பந்த வேலை எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரர் சொல்லியிருந்தார். கூலி நல்லது. விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று யோகனும் சொன்னான். காலையில் அந்த யோசனையோடுதான் புறப்பட்டேன். இராணுவச் சென்றியில் சைக்கிளை உருட்டி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, சீனன்குடாவுக்குத் திரும்பும் சந்திக்கு வந்தேன். அந்தப் பக்கமிருந்து ஒரு லொறி பழைய எண்ணெய் நாற்றத்தோடு கடந்து போனது. நான் திரும்பவில்லை. அந்த மணத்தில் அவளுக்குச் சோறு இறங்காது. நேரே மிதித்தேன்.

தம்பலகாமம் போகும் பாதையில், வயலோரம், நாங்கள் 'நானா' என்று அழைக்கும் கிண்ணியா முஸ்லிம் ஒருவர் செங்கல் அறுப்பித்துக்கொண்டிருந்தார். முன்பு களி தோண்டியபோது அவரைக் கண்டிருக்கிறேன். வேலை கேட்டேன்.

"களி மிதிக்க ஆள் வேணும்தான் தம்பி" என்றார். "ஆனா கூலி குறைவு. நாரி, இடுப்பு எல்லாம் முறியும். கணக்கப்பிள்ளை வேலை எண்டு நினைச்சு வராதேங்கோ."

"பரவாயில்லை நானா."

"அந்திக்கு வேலை முடிய, அங்கால வாய்க்கால் இருக்கு, நல்லாக் கழுவிட்டுப் போங்கோ. சேத்தோட வாறவனைச் சென்றியில மறிச்சுக் கேள்வி கேப்பாங்கள்."

"கேக்கட்டும். நான் கழுவாமத்தான் போகவேணும்."

"ஏன், வீட்டக் கிணறு இருக்கோ?"

"பொஞ்சாதி இருக்கிறா."

அவர் வயிறு குலுங்கச் சிரித்து, அந்தப் பக்கம் கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் சத்தம் போட்டுச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கதை சொல்ல எவனும் கதிரையில் வந்து இருக்கலாம். இந்தக் களிமண் மணத்தோடு அந்த வீட்டுக்குள் போகக்கூடியவன் நான் ஒருவன்தான்.

சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு களிக்குழிக்குள் இறங்கினேன்.